ரொறன்ரோ பூங்காத் திட்டம்: சராசரிக் கணக்கில் தொலைந்து போகும் ஸ்காபரோ

2017 நவம்பரில் ரொறன்ரோ மாநகர சபை, பூங்காக்கள் மற்றும் பொழுதுபோக்கு வசதிகளுக்கான இருபதாண்டுப் பெருந்திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் வழங்கியது. 2019 முதல் 2038 வரையிலான காலத்தில் எந்த அயலில் சமூக நிலையம் எழும், எங்கே நீச்சல் தடாகம் வரும், எந்த மைதானம் திருத்தப்படும், எது மூடப்படும் என்பவற்றை வழிநடத்தும் ஆவணம் அது. 2019இல் பூங்கா நிலங்களுக்கான தனி மூலோபாயம் ஒன்றும் அதனுடன் சேர்ந்துகொண்டது. பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீளாய்வு செய்து புதுப்பிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள ஏற்பாடு. திட்டம் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை, திட்டம் முடியும் ஆண்டில் பத்தொன்பது வயது இளைஞனாகவோ இளம்பெண்ணாகவோ நிற்கும். அதாவது ஒரு தலைமுறையின் முழுக் குழந்தைப் பருவமும் இந்த ஆவணத்தின் பக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

இத்தகைய ஆவணத்தைத் தமிழ்ச் சமூகம் எந்த அளவுக்கு வாசித்திருக்கிறது? தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவின் கோயில் மண்டபங்களிலும் ஊர்ச் சங்கக் கூட்டங்களிலும் பழைய மாணவர் ஒன்றுகூடல்களிலும் இது ஒரு முறையேனும் பேசப்பட்டதா? பேசப்படவில்லையென்றால் அதன் விலையைச் செலுத்தப் போகிறவர்கள் அந்த மண்டபங்களுக்கு வெளியே வாகனத் தரிப்பிடத்தில் பந்து விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே.

28 சதுர மீற்றர் என்னும் மாயை

பூங்கா நில மூலோபாயம் தரும் முதன்மையான எண் ஒன்று உண்டு. ரொறன்ரோவில் ஆள் ஒருவருக்குச் சராசரியாக 28 சதுர மீற்றர் பூங்கா நிலம் இருப்பதாக அது கணக்கிட்டது. மாநகரில் 1,500க்கும் மேற்பட்ட பூங்காக்கள் உள்ளன. அவற்றின் பரப்பு ஏறத்தாழ 8,000 ஹெக்டேயர். மாநகர நிலப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு. கேட்பதற்கு இனிய கணக்கு. ஸ்காபரோவில் நின்று பார்த்தால் இன்னும் இனிமையாகத் தோன்றும். ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கு, மோர்னிங்சைட் பூங்கா, ஏரிக்கரையின் வெண்ணிறச் செங்குத்துகள், கிழக்கெல்லையில் றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா என்று வரைபடத்தில் பச்சை நிறம் படர்ந்து கிடக்கிறது. இதற்கு மேல் ஸ்காபரோவுக்கு என்ன குறை என்று கேட்பவர்கள் மாநகர மண்டபத்திலும் உண்டு, தமிழருக்குள்ளும் உண்டு.

இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று அறிந்தால் அந்தக் கேள்வி மாறிவிடும். 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியது. ஹம்பர் ஆறு பெருக்கெடுத்து ஒரு வீதியின் வீடுகளை உறங்கிக்கொண்டிருந்த மக்களோடு அள்ளிச் சென்றது. மொத்தம் 81 பேர் மாண்டனர். அந்த அழிவுக்குப் பின்னரே ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவது தடுக்கப்பட்டது. 1957இல் உருவாக்கப்பட்ட நீரேந்து பாதுகாப்பு அதிகாரசபை வெள்ளச் சமவெளிகளைப் பொது உடைமையாக்கியது. அது தொலைநோக்குள்ள முடிவு. அதில் குறை காண எவருக்கும் இடமில்லை. ஆனால் அந்த நிலம் பூங்காவானது பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பதற்காக அன்று. வேறெதற்கும் பயன்படாது, பயன்படுத்தவும் கூடாது என்பதற்காக. செங்குத்தான சரிவும் அடர்ந்த மரமும் வெள்ளம் ஏறும் கரையும் கொண்ட அந்த நிலத்தில் சமூக நிலையம் கட்ட முடியாது. நீச்சல் தடாகம் அமைக்க முடியாது. முழங்கால் வலியோடு நடக்கும் மூத்தவர் இறங்கி ஏறவும் முடியாது.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டியாக வேண்டும். தொடர்மாடி கட்ட வரும் நிறுவனம் ஒன்று, சட்டப்படி பூங்காவுக்கென ஒதுக்க வேண்டிய பங்காகப் பள்ளத்தாக்குச் சரிவைக் கொடுக்க முன்வந்தால், மாநகர சபையின் உத்தியோகபூர்வத் திட்டம் அதை ஏற்பதில்லை. வெள்ள அபாயம் உள்ள நிலமும் சரிவு நிலமும் பூங்கா ஒதுக்கீடாகக் கணிக்கப்படமாட்டா. தடைகளற்ற நிலமே தரப்பட வேண்டும் என்கிறது. சரியான விதி. ஆனால் குடிமக்களுக்குக் கணக்குக் காட்டும்போது அதே வகை நிலமும் சதுர மீற்றர்களாகக் கூட்டப்படுகிறது! நிறுவனத்திடமிருந்து வாங்கும்போது பூங்காவாகாத நிலம், மக்களுக்குக் காட்டும்போது மட்டும் எப்படிப் பூங்காவாகிறது? அந்த மூலோபாய ஆவணமே பூங்காக்களை அளவாலும் பயன்பாட்டாலும் வகைப்படுத்தியிருக்கிறது என்பது உண்மை. ஆயினும் சபையிலும் செய்தியிலும் மேற்கோள் காட்டப்படுவது அந்த ஒற்றைச் சராசரியே. சராசரி ஆழம் முழங்கால் அளவுதான் என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை தமிழர் அறியாததன்று.

கோபுரங்களின் அடியில்

ஸ்காபரோவின் தமிழர் வாழ்வு தொடங்கியது பெரும்பாலும் 1960களிலும் 1970களிலும் கட்டப்பட்ட வாடகைத் தொடர்மாடிகளில். எக்ளின்ரன், மார்க்கம், கிங்ஸ்ரன், லோறன்ஸ் வீதிகளை அண்டி நிற்கும் அக்கோபுரங்கள், பசும்புல் நடுவே உயர்ந்த கட்டடம் என்ற அக்காலக் கட்டடக்கலைக் கொள்கையின்படி எழுப்பப்பட்டவை. கட்டடத்தைச் சுற்றிப் புல்வெளி உண்டு. ஆனால் அது தனியார் நிலம். பந்து விளையாடாதீர் என்ற அறிவிப்புப் பலகையே அங்கே பலமாக நட்டப்பட்டிருக்கும். காருள்ள நடுத்தர வர்க்கக் குடும்பங்களை எண்ணிக் கட்டப்பட்ட அந்தக் கட்டடங்களில், காலப்போக்கில் குடியேறியவர்கள் காரற்ற, இரண்டு வேலை செய்யும், மூன்று தலைமுறைகள் ஒன்றாக வாழும் குடும்பங்கள்.

இந்த மாற்றம் எவருக்கும் தெரியாமல் நடந்ததன்று. 2004இலும் 2011இலும் யுனைற்றட் வே அமைப்பு வெளியிட்ட அறிக்கைகள், வறுமை எவ்வாறு நகரின் உட்புறநகர்களில், குறிப்பாக உயர்மாடிகளில் குவிந்தது என்பதை எடுத்துக்காட்டின. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டேவிட் ஹல்சான்ஸ்கி, ஒரே ரொறன்ரோவுக்குள் வருமானத்தால் பிளவுண்ட மூன்று நகரங்கள் உருவாகியிருப்பதை வரைபடங்களோடு நிறுவினார். அவற்றுள் வருமானம் வீழ்ந்த மூன்றாம் நகரம் வடகிழக்கிலும் வடமேற்கிலும் பரந்தது. மாநகர சபையே 2005இல் 13 முன்னுரிமை அயல்களையும், 2014இல் 31 மேம்பாட்டு அயல்களையும் அறிவித்தது. மல்வேர்ன், ஸ்காபரோ வில்லேஜ், கிங்ஸ்ரன்–காலோவே போன்ற பெயர்கள் அந்தப் பட்டியல்களில் இடம்பெற்றன. நோய் இன்னதென்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தாயிற்று. மருந்து மட்டும் ஒவ்வொரு மீளாய்விலும் அடுத்த மீளாய்வுக்குத் தள்ளப்படுகிறது.

2015 பான் அமெரிக்க விளையாட்டுகளுக்காக ஸ்காபரோவில் மாபெரும் விளையாட்டரங்கு எழுந்ததே என்று சிலர் கேட்பர். எழுந்தது. மாநகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து உடைமை கொண்ட அந்த அரங்கில் 50 மீற்றர் தடாகங்கள் இரண்டு உள்ளன, பெருமைக்குரிய வசதி. ஆனால் ஒரு பேரரங்கு பத்து அயல் நிலையங்களுக்கு ஈடாகாது. இரண்டு பேருந்து மாறி அங்கே போக வேண்டிய தாய், ஆறு வயதுப் பிள்ளையின் அரைமணி நேர நீச்சல் வகுப்புக்காக ஒரு மாலைப்பொழுதையே இழக்கிறாள். 2023 யூலையில் ஸ்காபரோவின் இலகு தொடருந்து தடம்புரண்டு, பின் என்றென்றைக்குமாக மூடப்பட்ட பிறகு, பேருந்து ஒன்றே கதி என்ற நிலை இன்னும் இறுகியது. வசதி இருக்கிறது என்பதும் வசதி எட்டுகிறது என்பதும் வெவ்வேறு. திட்டம் முன்னதை அளக்கிறது. மக்கள் பின்னதில் வாழ்கிறார்கள்.

துடுப்பாட்டம் யாருடைய விளையாட்டு?

துடுப்பாட்டத்துக்கு மைதானம் கேட்டால், அது குடியேறியவர்களின் சிறப்பு விருப்பம் என்பது போன்ற ஒரு தொனி சில வேளைகளில் கேட்கிறது. ரொறன்ரோத் துடுப்பாட்டக் கழகம் தொடங்கியது 1827இல். உலகின் முதலாவது சர்வதேசத் துடுப்பாட்டப் போட்டி என்று கருதப்படுவது 1844இல் கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் நியூயோர்க்கில் ஆடியதே. கனடா என்ற கூட்டாட்சி பிறப்பதற்கு 23 ஆண்டுகள் முந்தியது அது. ஆகவே தமிழ், பஞ்சாபி, கயானீய, வங்க இளைஞர்கள் இந்நகருக்கு அந்நிய விளையாட்டொன்றைக் கொண்டுவரவில்லை. நகரம் மறந்துபோன தன் சொந்த விளையாட்டை மீட்டுத் தந்திருக்கிறார்கள்.

இடர்ப்பாடு எங்கே இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முறையான துடுப்பாட்ட மைதானத்துக்கு நடுவிலிருந்து எல்லை வரை ஏறத்தாழ 60 முதல் 70 மீற்றர் வேண்டும். ஒன்றரை ஹெக்டேயர் வரை சமநிலம் தேவை. உதைபந்தாட்ட மைதானங்கள் இரண்டைத் தன்னுள் அடக்கக்கூடிய பரப்பு அது. நடுவே பந்துவீச்சுத் தளம் நிலையாக இருக்க வேண்டும். அதன் மேல் உதைபந்தாட்டம் ஆட முடியாது. கடின பந்து வேலி தாண்டிப் பறந்தால் நடைபாதையில் செல்பவருக்கு ஆபத்து. எனவே ஏற்கெனவே வரையப்பட்ட பூங்காவில் பின்னர் செருகக்கூடிய விளையாட்டு அன்று இது. நிலம் வரையப்படும் நாளிலேயே, திட்டத்திலேயே இடம் பெற்றாக வேண்டும். அதனாற்றான் பெருந்திட்ட மீளாய்வு துடுப்பாட்டக்காரருக்கு ஏனையோரைக் காட்டிலும் முக்கியமானது. வலையும் இரண்டு கம்பமும் சமதளமும் மட்டுமே கேட்கும் கரப்பந்தாட்டத்துக்கு அந்தச் சாட்டுக்கூட இல்லை. கோடை மாலைகளில் ஈழத்தமிழர் கூடி ஆடும் அந்த விளையாட்டுக்கு வெளிச்சமுள்ள நிரந்தரத் தளங்கள் அமைப்பதற்குப் பெரும் செலவும் இல்லை.

நிலம் இல்லை என்பதே வழமையான பதில். ஆனால் ரொறன்ரோ மாநகர சபை ஐந்து கோல்ஃப் மைதானங்களைத் தானே நடத்துகிறது. அவற்றுள் ராம் ஒ'ஷான்ரர் மைதானம் ஸ்காபரோவிலேயே உள்ளது. அவற்றின் எதிர்காலத்தை ஆராய்ந்த சபை, 2022இல் கோல்ஃப் தொடர்வதென்றே முடிவு செய்தது. கோல்ஃப் ஆடுபவரும் குடிமக்களே. ஓய்வுபெற்றோரும் குறைந்த வருமானத்தினரும் அங்கே ஆடுகின்றனர் என்பதும் மெய். அம்மைதானங்கள் பெரும்பாலும் ஆற்றோர வெள்ள நிலங்கள் என்பதால் அங்கே கட்டடம் எழுப்ப முடியாது என்பதும் மெய். ஆனால் துடுப்பாட்டத்துக்குக் கட்டடம் எதற்கு? வெட்டிய புல்லும் சமநிலமும் போதாதா? நூற்றுக்கணக்கான ஏக்கர் பொதுநிலம் ஒரு விளையாட்டுக்கு வழிவழியாக ஒதுக்கப்பட்டிருக்கையில், மற்றொரு விளையாட்டுக்கு மட்டும் ஒன்றரை ஹெக்டேயர் கிடைக்கவில்லை என்றால், அங்கே தட்டுப்பாடு நிலத்துக்கு அன்று, மனத்துக்கு.

காலை ஏழு மணிப் பந்தயமும் பூட்டிய கழிவறையும்

வசதி இருக்கும் இடத்திலும் வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் திறப்பதில்லை. 1998இல் ஸ்காபரோ ரொறன்ரோவுடன் இணைக்கப்படுவதற்கு முன்னர், பழைய ரொறன்ரோவில் பொழுதுபோக்கு வகுப்புகள் பெரும்பாலும் இலவசமாக நடந்தன; ஸ்காபரோ போன்ற புறநகர்கள் கட்டணம் அறவிட்டன. இணைப்பின் பின் இவற்றை ஒன்றாக்குவது பெரும் சர்ச்சையாயிற்று. முடிவில் தெரிவு செய்யப்பட்ட சில நிலையங்களில் மட்டும் இலவசம், மற்றவற்றில் கட்டணம், வறியோருக்கு விண்ணப்பத்தின் பேரில் மானியம் என்ற ஏற்பாடு நிலைத்தது. மானியம் உண்டு என்பதை அறிவதற்கே மொழி வேண்டும், படிவம் நிரப்பத் துணை வேண்டும். அதன் பின்னும் நீச்சல் வகுப்புக்கான பதிவு காலை ஏழு மணிக்கு இணையத்தில் திறக்க, சில நிமிடங்களில் இடங்கள் முடிந்துவிடுகின்றன. இரவு வேலை முடித்துப் பேருந்தில் வந்துகொண்டிருக்கும் தந்தைக்கும், வீட்டிலிருந்து வேலை செய்யும் அதிகாரிக்கும் இடையே நடக்கும் அந்தப் பந்தயத்தில் வெல்பவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆறும் ஏரியும் கொண்ட ஸ்காபரோவில் நீந்தத் தெரியாமல் வளரும் பிள்ளைக்கு அது வெறும் பொழுதுபோக்கு இழப்பும் அன்று, உயிர்ப் பிரச்சினை.

மூத்தவர்களின் நிலை வேறு வகையானது. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மீதிப் பகலைக் கழிக்க இடமின்றி, ஸ்காபரோவின் பேரங்காடிகளின் இருக்கைகளில் கூடியிருக்கும் தமிழ் முதியோரைக் காணாதவர் இல்லை. அவர்கள் கேட்பது மாளிகையை அன்று. நடக்கத் தக்க தூரத்தில் ஒரு தட்டையான பாதை, ஐம்பது அடிக்கு ஒரு வாங்கு, திறந்திருக்கும் ஒரு கழிவறை. பல பூங்காக்களில் கழிவறைகள் குளிர்காலம் முழுவதும் பூட்டியே கிடக்கின்றன. உறைபனி தாங்கும் வகையில் குழாய்கள் அமைக்கப்படாமையே காரணம். நீரிழிவோடு வாழும் எழுபது வயதுக்காரருக்குக் கழிவறையற்ற பூங்கா இருந்தும் இல்லாததே. பெருந்திட்டங்களின் பளபளப்பான படங்களில் கண்ணாடி முகப்புகள் இருக்கும். கழிவறைக் குழாய் இருக்காது.

பணம் எங்கே, குரல் எங்கே?

புதிய பூங்காவுக்கான பணத்தில் பெரும்பகுதி புதிய கட்டடங்களிலிருந்து வருகிறது. கட்டுவோர் நிலமாகவோ அதற்கீடான பணமாகவோ தர வேண்டும் என்கிறது ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டம். 2022 நவம்பரில் நிறைவேறிய மாகாணச் சட்டமூலம் 23, அடர்ந்த குடியிருப்புகளுக்கான உச்ச அளவை 300 வீடுகளுக்கு ஒரு ஹெக்டேயர் என்பதிலிருந்து 600 வீடுகளுக்கு ஒரு ஹெக்டேயராகப் பாதியாக்கியது. பணமாகத் தந்தால் 1,000 வீடுகளுக்கு ஒரு ஹெக்டேயரின் பெறுமதி போதும் என்றது. ஐந்து ஹெக்டேயர் வரையான காணிகளில் பத்து வீதத்துக்கு மேல் கேட்கவும் தடை விதித்தது. வீட்டுத் தட்டுப்பாடு கொடியது. வீடுகள் கட்டப்படவே வேண்டும். ஆனால் வீட்டைப் பெருக்கி முற்றத்தைக் குறைப்பது, அரிசியைக் கூட்டிப் பானையைச் சிறிதாக்குவதற்கு ஒப்பாகும். மேலும் புதிய கோபுரங்கள் எழாத பழைய வாடகைத் தொடர்மாடி அயல்களுக்கு இந்த வழியால் வரும் பணம் அற்பமே. அங்கே பொது வரவுசெலவே பொறுப்பேற்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு வரவுசெலவில் இடம் கிடைத்தாலே பெருந்திட்டத்தின் வரி செங்கல்லாகும். இல்லையேல் அது வரியாகவே கிடக்கும்.

அந்த இடத்தைப் பெற்றுத்தரும் குரலும் ஒடுங்கியிருக்கிறது. 2018இல் மாகாண அரசு ரொறன்ரோவின் 44 வட்டாரங்களை 25ஆகக் குறைத்தது. ஸ்காபரோவின் பத்து உறுப்பினர் ஆறு பேராயினர். 6 இலட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு ஆறு பேர். ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம். அப்படியிருக்க, குரலெழுப்பாத சமூகம் எவர் காதிலும் விழப்போவதில்லை.

இங்கே குற்றத்தை மாநகர மண்டபத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. 2016இல் கனடிய நாடாளுமன்றம் தை மாதத்தைத் தமிழ் மரபுரிமை மாதமாக ஏற்றது. அதன் பின் ஆண்டுதோறும் மேடைகள் பெருகின, பொன்னாடைகளும் பெருகின. மேடையேறும் அரசியல்வாதி வணக்கம் என்ற ஒரு சொல்லைச் சொன்னதும் மண்டபம் கைதட்டி மகிழ்கிறது. அவர் பூங்கா வரவுசெலவில் எப்படி வாக்களித்தார் என்று கேட்க ஒருவரும் எழுவதில்லை. ஒரு வணக்கத்துக்கு ஒரு வாக்கு என்பது மிக மலிவான பண்டமாற்று.

ஒன்றுபட்டால் முடியும் என்பதற்குச் சான்றும் கைவசம் உண்டு. ஸ்காபரோ ஸ்ரெயின்ஸ் வீதியில் மாநகரக் காணியில் தமிழ்ச் சமூக மையம் அமைக்கும் முயற்சிக்கு மத்திய, மாகாண அரசுகள் 2021இல் நிதி அறிவித்தன. பல ஆண்டுக் கூட்டு முயற்சியின் பயன் அது. ஆனால் அதைக் காட்டி, தமிழருக்குத்தான் மையம் வருகிறதே என்று மாநகரம் தன் கடமையிலிருந்து நழுவ இடமளிக்கக் கூடாது. சமூகம் திரட்டிய பணம் மாநகரம் தரவேண்டிய பூங்காவுக்குப் பதிலீடு ஆகாது. வரி செலுத்துபவர் ஒருமுறை வரியாகவும் மறுமுறை நன்கொடையாகவும் ஒரே வசதிக்கு இருமுறை பணம் தர வேண்டியதில்லை.

கேட்க வேண்டியவை

மீளாய்வின்போது வைக்கப்பட வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. பள்ளத்தாக்கு நிலமும் விளையாடத்தக்க சமநிலமும் தனித்தனியே கணக்கிடப்பட்டு, அயல் வாரியாக வெளியிடப்பட வேண்டும். தொடர்மாடி வாசலிலிருந்து கால்நடையாகவோ ஒரே பேருந்திலோ எட்டும் தூரமே அளவுகோலாக வேண்டும். ஸ்காபரோவில் துடுப்பாட்ட, கரப்பந்தாட்டத் தளங்களுக்கு இடமும் ஆண்டும் தொகையும் குறித்த அட்டவணை வேண்டும். மைதான அனுமதி, நேற்று வைத்திருந்தவருக்கே நாளையும் என்றில்லாமல், பெண்கள் அணிகளுக்கும் புதிய கழகங்களுக்கும் பங்கு ஒதுக்கி வழங்கப்பட வேண்டும். குளிர்காலத்திலும் திறக்கும் கழிவறைகள் வேண்டும். கலந்தாய்வு, ஆங்கில இணையப் படிவத்தோடு நின்றுவிடாமல், தமிழிலும் ஏனைய மொழிகளிலும் நூலகங்களிலும் வழிபாட்டிடங்களிலும் தொடர்மாடி முகப்புகளிலும் நடத்தப்பட வேண்டும்.

இவற்றுள் ஒன்றுகூடத் தமிழருக்கு மட்டுமான சலுகை அன்று. அதே தொடர்மாடியில் வாழும் சோமாலிய, பிலிப்பினோ, கரீபிய, ஆப்கானியக் குடும்பங்களும் இதே தடாகத்துக்கும் இதே கழிவறைக்கும் காத்திருக்கின்றன. அவர்களோடு சேர்ந்து எழும் கோரிக்கைக்கே சபையில் எடை உண்டு.

2038 தொலைவில் இல்லை. ஒவ்வொரு மீளாய்வும் கடந்து செல்லும்போது ஒரு வகுப்புப் பிள்ளைகள் விளையாடும் வயதைக் கடந்துவிடுகிறார்கள். வரைபடம் திறந்திருக்கும்போது மேசைக்குப் போகாதவர்கள், அது மூடிய பின் மைதானத்தைத் தேடிப் பயனில்லை.